புது விண்டோவா, பழைய விண்டோவா: டெர்மினலிலிருந்து எடிட்டரைத் திறக்கும் வழிகள்

"அண்ணே, கமிட்டே ஆவ மாட்டேங்கு. எடிட்டர் தொறக்கு. ஆனா நான் ஒரு எழுத்து அடிக்க முந்தியே டெர்மினல்ல எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு வருது."

முக்கூடலிலிருந்து ஒரு தங்கச்சி போனில் சொன்னது இது. கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். அம்மா பீடி சுற்றுகிறவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று வரும் கூலியை வாராவாரம் கூட்டிப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதுகிறாள், அதுதான் அவளுடைய புராஜெக்ட். லேப்டாப் அவள் அண்ணனுக்குப் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின்கள் எங்கள் பக்கத்தில் இன்னமும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இதில் மெமரி நாலு ஜிபி. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவளுக்கு நடந்தது இதுதான். கிட் என்பது நிரலில் நாம் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. கட்டளைகளைத் தட்டும் டெர்மினலிலிருந்து அதை ஓட்டுவோம். ஒரு மாற்றத்தைப் பதிவதுதான் கமிட். கமிட் போடும்போது, என்ன மாற்றினோம் என்று செய்தி எழுதுவதற்கு அது ஒரு எடிட்டரைத் திறக்கும். அவள் விஎஸ் கோட் என்ற எடிட்டரைத் திறக்கும்படி அமைத்திருந்தாள். ஆனால் டெர்மினலில் நாம் அடிக்கும் 'கோட்' என்ற கட்டளை எடிட்டர் இல்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விஎஸ் கோடிடம் "இந்த ஃபைலைத் திற" என்று சொல்லிவிட்டு அது உடனே திரும்பி வந்துவிடும். திரும்பி வந்ததைப் பார்த்ததும் கிட், எழுதி முடித்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. செய்தி காலியாக இருக்கிறது, எனவே கமிட்டைக் கைவிடுகிறது. கட்டளையோடு 'வெயிட்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். அந்த ஃபைலை மூடும்வரை டெர்மினல் காத்திருக்கும்.

சேர்த்தாள், சரியாகிவிட்டது. உடனே அடுத்த கேள்வி வந்தது: "அப்போ எப்பவுமே வெயிட் போட்டுரட்டாண்ணே?"

வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்று போனில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன். கட்டளைகளை நாம் வாயால் சொல்லும் விதத்திலேயே தமிழில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். '-என்' என்றால் ஒரு சிறுகோடும் 'என்' என்ற சின்ன எழுத்தும் (-n).

எந்த எடிட்டர் நல்லது என்ற சண்டைக்கு நான் வரவில்லை. டெர்மினலிலிருந்து ஒரு ஃபைலைத் திறக்கும்போது முடிவு செய்ய வேண்டியவை இரண்டு. ஏற்கெனவே திறந்திருக்கும் விண்டோவில் திறக்கட்டுமா, புதிதாக ஒன்று வேண்டுமா? திறந்த பிறகு டெர்மினல் காத்திருக்க வேண்டுமா, வேண்டாமா? ஒவ்வொரு எடிட்டரும் இந்த இரண்டுக்கும் நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் தானாக ஒரு பதில் வைத்திருக்கிறது. அந்தப் பதில்கள் ஒன்றுக்கொன்று முரணானவை. தொல்லை எல்லாம் அங்கேதான்.

முதலில் விஎஸ் கோட். 2015-இல் வந்தது, இன்றைக்கு எங்கள் பக்கத்து மாணவர்களில் நான் பார்க்கிறவர்கள் எல்லாரும் இதைத்தான் வைத்திருக்கிறார்கள். ஒன்றும் சொல்லாமல் ஒரு ஃபைலைத் திறந்தால், அந்த ஃபைலின் ஃபோல்டர் எந்த விண்டோவில் திறந்திருக்கிறதோ அங்கே போகும். எங்கும் இல்லையென்றால் கடைசியாகப் பயன்படுத்திய விண்டோவுக்குப் போகும். ஃபோல்டரைத் திறந்தால் கதை வேறு. அதற்குப் புது விண்டோ வரும். ஃபைலுக்கு ஒரு நியாயம், ஃபோல்டருக்கு ஒரு நியாயம். இது தெரியாமல்தான் பலர் காலையில் ஒரு விண்டோவோடு ஆரம்பித்து மத்தியானத்துக்குள் ஆறு விண்டோவுக்கு வந்துவிடுகிறார்கள்.

'-என்' போட்டால் எதுவானாலும் புது விண்டோ. '-ஆர்' போட்டால் இருக்கிற விண்டோவிலேயே. '-ஏ' போட்டால் அந்த ஃபோல்டரையும் இருக்கிற விண்டோவில் பழையதோடு கூடச் சேர்த்துவிடும். '-ஜி' போட்டு ஃபைல் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் வரி எண்ணும் கொடுத்தால் நேரே அந்த வரியில் போய் நிற்கும். '-டி' (-d) இரண்டு ஃபைல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசம் காட்டும். '-டபிள்யூ', மேலே சொன்ன வெயிட்டின் சுருக்கம்.

புது விண்டோ ஒன்று கூடினால் என்ன போயிற்று என்று கேட்கலாம். பதினாறு ஜிபி மெஷினில் ஒன்றும் போகாது. நாலு ஜிபியில் போகும். விஎஸ் கோடில் ஒவ்வொரு விண்டோவுக்கும் எக்ஸ்டென்ஷன்களை (எடிட்டரோடு நாம் சேர்க்கும் துணை நிரல்களை) ஓட்டத் தனியாக ஒரு புராசஸ் உண்டு. பைத்தான் எக்ஸ்டென்ஷன் போட்டிருக்கிறீர்கள், மூன்று விண்டோ திறந்திருக்கிறீர்கள் என்றால், மூன்று இடத்திலும் அது தனித்தனியாக ஓடும். கூடவே பிரவுசரும் திறந்திருந்தால் மெஷின் மூச்சுத் திணற ஆரம்பித்துவிடும். அந்தத் தங்கச்சியின் லேப்டாப்பில் மௌஸை நகர்த்தினால் அம்புக்குறி அரை விநாடி கழித்து வந்தது. ஆறு விண்டோவை ஒன்றாக்கியதும் அந்தத் தாமதம் போய்விட்டது. எக்ஸ்டென்ஷன் எதையும் நீக்கவில்லை.

ஆகவே சின்ன மெஷினுக்கு '-ஆர்' நல்லது என்பது என் தீர்ப்பு. ஆனால் ஃபைலுக்கு மட்டும். ஃபோல்டருக்கு '-ஆர்' போட்டால், அந்த விண்டோவில் திறந்திருந்த ஃபோல்டரை மூடிவிட்டு அதன் இடத்தில் இதைக் கொண்டுவந்து வைக்கும். உள்ளே இருக்கும் டெர்மினலில் ஒரு சர்வர் ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் அத்தோடு நின்றுபோகும். இரண்டு ஃபோல்டரும் வேண்டும், மெமரியும் மிச்சமாக வேண்டும் என்றால் '-ஏ'தான் வழி. ஒரே விண்டோவில் இரண்டு ஃபோல்டரும் இடப்பக்கம் அடுக்கடுக்காக நிற்கும். இதை நான் நாள் முழுக்கப் பயன்படுத்துகிறேன். ஆனால் என்னைப் பார்க்க வருகிறவர்களில் ஒருவருக்குக்கூட '-ஏ' என்று ஒன்று இருப்பது தெரிந்திருக்கவில்லை.

ஒவ்வொரு தடவையும் எழுத்தை நினைவு வைக்க வேண்டாம் என்கிறவர்களுக்கு செட்டிங்ஸில் 'விண்டோ' என்று தேடினால் ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் தனித்தனியாக, புது விண்டோவில் திறக்கலாமா என்ற கேள்வி இருக்கும். அங்கே ஒருமுறை வைத்துவிட்டால் போதும். அப்புறமும் கட்டளையில் '-என்', '-ஆர்' போட்டால் கட்டளை சொல்வதே செல்லும்.

சரி, அடுத்த எடிட்டர் விம்.

விம் 1991-இல் பிராம் மூலனார் வெளியிட்டது. அதற்கு முன்னோடியான விஐ 1976-இல் பில் ஜாய் எழுதியது. மூலனார் 2023 ஆகஸ்டில் காலமானார். உகாண்டாவில் உள்ள குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று அவர் வைத்த வேண்டுகோள், விம்மை வெறுமனே திறந்தால் வரும் முதல் திரையில் இன்றைக்கும் தெரியும்.

விம்மில் 'விண்டோ' என்ற சொல்லுக்கே வேறு பொருள். டெர்மினல் என்ற ஒரே திரைக்குள் போடுகிற தடுப்புகளைத்தான் அது விண்டோ என்கிறது. '-ஓ' என்று சின்ன எழுத்தில் கொடுத்தால் ஃபைல்கள் மேலும் கீழுமாக வரும். பெரிய எழுத்து 'ஓ' கொடுத்தால் பக்கவாட்டில் வரும். '-பி' (-p) கொடுத்தால் ஆளுக்கொரு டேப். கூட்டல் குறியும் வரி எண்ணும் கொடுத்தால் அந்த வரியில் நிற்கும். எத்தனை ஃபைல் திறந்தாலும் டெர்மினல் ஒன்றுதான். காத்திருக்கட்டுமா என்ற கேள்வியே இங்கே எழாது, ஏனென்றால் விம் டெர்மினலுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் வெளியே வந்தால்தான் டெர்மினல் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். கிட்டோடு விம் தகராறு செய்யாமல் போவது இதனால்தான்.

விம்மின் இன்னொரு வடிவமான ஜிவிம் அப்படி இல்லை. அது தனி விண்டோவாகத் திறந்து டெர்மினலை விட்டுவிடும். கிட்டுக்குக் கொடுப்பதென்றால் '-எஃப்' சேர்க்க வேண்டும். வெயிட் செய்யும் வேலையை அங்கே அது செய்கிறது. ஏற்கெனவே திறந்திருக்கும் ஜிவிம்முக்குள் ஃபைலை அனுப்ப 'ரிமோட்' என்ற சொல் இருக்கிறது. டெர்மினல் விம்மிலும் இது உண்டு, ஆனால் அந்த விம்மை உருவாக்கும்போதே 'கிளையன்ட்சர்வர்' என்ற வசதியைச் சேர்த்திருக்க வேண்டும். 'வெர்ஷன்' கேட்டுப் பாருங்கள், அந்தச் சொல்லுக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் இருக்கிறது, கழித்தல் குறி இருந்தால் இல்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

களக்காட்டில் ஒரு வாழைத்தார் மண்டிக்குக் கணக்கு நிரல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஏத்தன், கதலி, ரசகதலி என்று ரகம் ரகமாக விலை மாறும். அந்தப் பட்டியலை மாற்ற அடிக்கடி போவேன். அங்கே இருப்பது பேட்டரி இல்லாத டெஸ்க்டாப். ஒரு ஐப்பசி மாதம் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். அந்த நாட்களில் நாள் முழுக்க விஎஸ் கோடில் '-என்' அடித்துப் பழகிய கை. அங்கேயும் விம்முக்குப் பின்னால் '-என்' அடித்துவிட்டேன். ஃபைல் திறந்தது, எந்த வித்தியாசமும் கண்ணில் படவில்லை. நாற்பது வரிக்கு மேல் மாற்றியிருப்பேன். மலைப்பக்கம் இடி இடித்தது, கரண்ட் போனது. திரும்ப வந்து திறந்தால் ஒரு வரிகூட இல்லை, எல்லாம் பழையபடி இருந்தது.

விம்மில் '-என்' என்றால் புது விண்டோ இல்லை. ஸ்வாப் ஃபைல் வேண்டாம் என்று பொருள். வழக்கமாக விம் நாம் எழுதுவதை மறைவாக ஒரு ஸ்வாப் ஃபைலில் எழுதிக்கொண்டே இருக்கும். இருநூறு எழுத்துக்கு ஒருமுறை, அல்லது நாலு விநாடி கையை எடுத்தால் ஒருமுறை. கரண்ட் போனாலும் '-ஆர்' போட்டு மீட்டுவிடலாம். '-என்' அந்தக் காப்பையே எடுத்துவிடுகிறது. '-ஆர்' என்ற எழுத்தையும் கவனியுங்கள். விஎஸ் கோடில் அது பழைய விண்டோ, விம்மில் மீட்பு.

அன்றைக்கு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு எடிட்டரிலும் இந்த ஒரு எழுத்து என்ன செய்கிறது என்று பார்த்தேன். விஎஸ் கோட், சப்ளைம் இரண்டிலும் '-என்' புது விண்டோ. கேட் (Kate) என்ற எடிட்டரில் அது புதிதாக இன்னொரு கேட்டையே தொடங்கும். நோட்பேட் பிளஸ் பிளஸில் அதையடுத்து வரும் எண் வரி எண். ஈமேக்ஸ் எடிட்டரோடு வரும் ஈமேக்ஸ்கிளையன்ட் என்ற கட்டளையில் அதற்குப் பொருள் 'காத்திருக்காதே'. விம்மில் காப்பு வேண்டாம். '-டபிள்யூ'வும் அப்படித்தான். விஎஸ் கோடிலும் சப்ளைமிலும் காத்திரு. விம்மில் அதற்குப் பின்னால் ஃபைல் பெயர் கொடுத்தால், நீங்கள் அடிக்கும் ஒவ்வொரு சாவியையும் அந்த ஃபைலின் கடைசியில் கொண்டுபோய் எழுதும். விலைப் பட்டியலைத் திறக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அதன் அடியில் நம் சாவித் தட்டல்களைக் கொட்டிக்கொண்டிருப்போம்.

எனவே இரண்டு எடிட்டரைக் கையாள்கிறவர்கள் ஒற்றை எழுத்துச் சுருக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு சிறுகோடு போட்டு 'நியூ-விண்டோ', 'ரீயூஸ்-விண்டோ', 'வெயிட்' என்று முழுச் சொல்லாக அடியுங்கள். தவறான எடிட்டரில் அடித்துவிட்டால் பெரும்பாலும் அது புரியவில்லை என்று சொல்லி நின்றுவிடும். ஒற்றை எழுத்து அப்படி நிற்காது, வேறு எதையோ செய்துவிடும். நீளமாக அடிக்கச் சோம்பலாக இருந்தால் ஷெல்லில் (டெர்மினலில் நாம் தட்டும் கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) அலியாஸ், அதாவது நீளக் கட்டளைக்கு ஒரு சின்னப் பெயர், வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் 'புது' என்று ஒரு அலியாஸ், 'பழசு' என்று ஒரு அலியாஸ். எந்த எடிட்டருக்கு மாறினாலும் உள்ளே இருப்பதை மாற்றிக்கொள்வேன், கைப்பழக்கம் மாறாது.

ஈமேக்ஸைப் பயன்படுத்துகிறவர்கள் எங்கள் பக்கம் குறைவு. ஆனால் இந்த விஷயத்தில் மிகத் தெளிவாக யோசித்து வைத்திருப்பது அதுதான் என்பேன். ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய குனூ ஈமேக்ஸ் 1985-இல் வந்தது, இப்போதைய விண்டோ முறை எல்லாம் பரவுவதற்கு முன்னால். அதனால் நாம் விண்டோ என்பதை அது ஃபிரேம் என்கிறது. ஃபிரேமுக்குள் இருக்கும் தடுப்பைத்தான் விண்டோ என்கிறது. முதலில் படிக்கிறவர்களுக்கு இது ஒரு நாள் தலையைச் சுற்ற வைக்கும்.

அதில் 'டீமன்' என்று ஒன்றைப் பின்னால் ஓட விட்டுவிடலாம். அப்புறம் ஈமேக்ஸ்கிளையன்ட் என்ற சின்னக் கட்டளை அதனோடு பேசும். '-சி' கொடுத்தால் புது ஃபிரேம், '-டி' (-t) கொடுத்தால் டெர்மினலுக்குள்ளேயே, இரண்டும் கொடுக்காவிட்டால் இருக்கிற ஃபிரேமில். '-ஏ'வுக்குப் பின் வெறும் மேற்கோள் குறி இரண்டு கொடுத்தால், டீமன் ஓடாவிட்டால் தானே கிளப்பிக்கொள்ளும். பத்து ஃபிரேம் திறந்தாலும் பின்னால் இருப்பது ஒரே ஈமேக்ஸ்தான், நாலு ஜிபி மெஷினுக்கு அது பெரிய வரம். காத்திருப்பதில் இது விஎஸ் கோடுக்கு நேர் எதிர். ஒன்றும் சொல்லாவிட்டால் காத்திருக்கும். வேலை முடிந்ததும் கன்ட்ரோல்-எக்ஸ் அடித்து எண் குறி (#) அடித்தால்தான் டெர்மினலை விடும். காத்திருக்க வேண்டாம் என்றால் '-என்'. கிட்டுக்குக் கொடுக்க எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. எல்லா ஃபிரேமும் ஒரே ஈமேக்ஸைச் சார்ந்திருப்பதால், அது ஒரு பெரிய ஃபைலில் மாட்டிக்கொண்டு திணறினால் எல்லாம் ஒன்றாக நிற்கும். இதற்காக ஈமேக்ஸை புதிதாகக் கற்றுக்கொள் என்று கடைசி வருஷ மாணவியிடம் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே தெரிந்தவர் டீமன் இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தால், இன்றைக்கே மாறுங்கள் என்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சப்ளைமில் எழுத்துகள் பெரும்பாலும் விஎஸ் கோடைப் போலவே, பழைய மெஷினிலும் வேகமாக ஓடும். காசு கொடுத்து வாங்குகிற மென்பொருள், ஆனால் சோதித்துப் பார்க்கக் கால வரம்பு வைக்கவில்லை. கேட்டில் காத்திருக்கச் சொல்ல 'பிளாக்' என்று ஒரு சொல். நோட்பேட் பிளஸ் பிளஸில் இரண்டாவது விண்டோ வேண்டுமென்றால் 'மல்டிஇன்ஸ்ட்' (-multiInst) கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே விண்டோவில் டேப்பாகச் சேரும். நானோவில் விண்டோ என்ற கவலையே இல்லை. டெர்மினலுக்குள் திறக்கும், கன்ட்ரோல்-எக்ஸ் அடித்தால் மூடும்.

இப்போது முடிவு.

நல்ல மெஷின், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று புராஜெக்ட் என்றால் விஎஸ் கோடில் புராஜெக்டுக்கு ஒரு விண்டோ வையுங்கள். ஃபோல்டருக்கு அது தானாகச் செய்வதே போதும், எதையும் மாற்ற வேண்டாம். நாலு ஜிபி மெஷின் என்றால் ஒரே விண்டோ. ஃபைலுக்கு ரீயூஸ், இரண்டாவது ஃபோல்டருக்கு '-ஏ'. தூரத்து சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக வேலை என்றால் விம் அல்லது நானோ. நெட் இழுத்துக்கொண்டு கிடக்கும் நேரத்தில் டெர்மினலுக்குள் திறக்கும் எடிட்டர்தான் கை கொடுக்கும்.

கமிட் செய்தி எழுத விஎஸ் கோடை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. வெயிட் போட்டால் வேலை செய்யும்தான். ஆனால் ஃபைல் ஒரு டேப்பாக மற்ற டேப்களுக்கு நடுவில் போய் ஒளிந்துகொள்ளும். சேமித்துவிட்டு மூட மறந்துவிடுவோம், டெர்மினல் அசையாமல் நிற்கும், கிட் தொங்கிவிட்டது என்று நினைத்து கன்ட்ரோல்-சி அடிப்போம். புது விண்டோவும் வெயிட்டும் சேர்த்துப் போட்டால் மறப்பது குறையும், ஆனால் இரண்டு வரிச் செய்திக்கு ஒரு முழு விண்டோ எழும்பி வர வேண்டும். நானோ இருக்கையில் அது எதற்கு? கிட்டின் எடிட்டர் அமைப்பில் நானோவை வைத்துவிட்டு, நிரல் எழுத விஎஸ் கோடை வைத்துக்கொள்வதில் முரண் ஒன்றும் இல்லை. கிட் முதலில் தன் பெயரில் உள்ள சூழல் மாறியையும் (ஷெல்லில் பெயர் கொடுத்து நாம் வைக்கும் மதிப்பு), பிறகு தன் சொந்த அமைப்பையும் பார்க்கும். அவை இல்லாதபோதுதான் விஷுவல், எடிட்டர் என்ற பொது மாறிகளிடம் போகும். ஆகவே கிட்டுக்கு ஒன்று, மற்றதற்கு ஒன்று என்று பிரித்து வைக்கலாம்.

'எப்பவுமே வெயிட்' வேண்டாம் என்று சொன்னதற்கும் காரணம் இதுவே. இன்னொரு நிரல் நம் பதிலுக்காக நிற்கும் இடத்தில் மட்டும் வெயிட் வேண்டும். கிட் கமிட், கிரான்டேப் (குறித்த நேரத்தில் தானாக ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) திருத்தம் போன்றவை. நாமாக ஒரு ஃபைலைத் திறக்கும்போது வெயிட் போட்டால் டெர்மினல் வீணாகக் கட்டிப்போடப்படும். அதற்காக இன்னொரு டெர்மினல் திறப்போம், அதிலும் அதே கதை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளும் அம்மாவுமாகப் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தார்கள். லேப்டாப்பைத் திறந்து, ஃபைலுக்கு ரீயூஸ் என்று ஒரு அலியாஸ், ஃபோல்டர் சேர்க்க ஒரு அலியாஸ், கிட்டுக்கு நானோ, மூன்றையும் அவளே அமைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துக்கூட்டிச் சொன்னதோடு சரி. நானோவில் அவள் எழுதிய முதல் கமிட் செய்தி: "வாரக் கூட்டலில் கழிவு பீடி இருமுறை கழிந்தது சரிசெய்யப்பட்டது." கன்ட்ரோல்-எக்ஸ் அடித்தாள். கமிட் ஏறியது. "இதுலயா இவ்வளவு நாளு என் கூலிய ரெண்டு தடவ கழிச்ச?" என்று அம்மா கேட்டார்.